எக்சோறா மஞ்சளாகிறதா, பூக்க மறுக்கிறதா? திருகோணமலை வளவுகளில் குறி பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் முறை

எக்சோறாவுக்கு வருத்தம் வந்தால் நம் ஆட்கள் முதலில் தேடுவது மருந்துப் போத்தலைத்தான். கடைக்காரரும் ஏதோ ஒரு பூஞ்சண மருந்தை எடுத்துக் கொடுத்துவிடுவார். திருகோணமலைக் கரையோரத்தில் இந்தச் செடிக்கு வரும் வருத்தங்களில் பெரும்பாலானவை கிருமியால் வருவன அல்ல. மண்ணாலும் தண்ணீராலும் வருவன. அதனால் மருந்து அடித்தும் மாறாது.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் செடிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். பிழை நுனியில் உள்ள இளம் இலையிலா, அடியில் உள்ள முற்றிய இலையிலா? செடியைச் சுற்றி எல்லாப் பக்கமுமா, கடலைப் பார்த்த பக்கம் மட்டுமா? மாரியில் வந்ததா, மே முதல் செப்டெம்பர் வரை தரையில் இருந்து சுடச்சுட அடிக்கும் கச்சான் காற்றுக் காலத்தில் வந்ததா? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில், அது எக்சோறாதானா?

இந்தியாவில் வெட்சி என்றும் இட்லிப்பூ என்றும் சொல்லும் அதே செடிதான். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாய்நிலம். கோப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக்கே உரிய ஓர் அடையாளம் இதிலும் உண்டு. இலைகள் எதிரெதிராகச் சோடியாக வரும். ஒரு சோடியின் இரண்டு இலையடிக்கும் நடுவே, தண்டை ஒட்டி, கூர் நுனியுள்ள சின்னச் செதில் ஒன்று இருக்கும். பூ இல்லாத காலத்திலும் இதை வைத்தே குடும்பத்தைக் கண்டுபிடிக்கலாம். பூ வந்துவிட்டால் சந்தேகமே இல்லை: மெல்லிய நீண்ட குழாய், அதன் நுனியில் நான்கு இதழ், அப்படிப் பல பூக்கள் சேர்ந்த ஒரு கொத்து. குழாயைப் பிடுங்கி அடியை உறிஞ்சித் தேன் குடிக்காத பிள்ளைகள் இந்தப் பக்கம் குறைவு.

இதோடு மாறிப் போகிறவை இரண்டு. பென்டாஸ் என்று நர்சரிகளில் விற்பதற்கு இதழ் ஐந்து, இலை மென்மையாக, மயிர் படர்ந்து இருக்கும். அது வேறு செடி. அதற்கான பராமரிப்பும் வேறு. மற்றது நம் பற்றைக் காடுகளில் தானாக வளரும் பாவட்டை. இதற்கும் நான்கு இதழ்தான், பூ வெள்ளை. பூவின் நடுவிலிருந்து நூல் போன்ற ஒன்று இதழைத் தாண்டி வெகுதூரம் நீட்டிக்கொண்டு நிற்கும். எக்சோறாவில் அது குழாய் வாயை விட்டுக் கொஞ்சம்தான் எட்டிப் பார்க்கும். பாவட்டை இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கரும் புள்ளிகள் தெரியும். அவை நோயல்ல. இலைக்குள்ளேயே குடியிருக்கும் பக்றீரியாக்களின் முடிச்சுகள்; அந்தச் செடிக்கு அவை இயல்பு. வெள்ளை எக்சோறா என்று நம்பிப் பாவட்டையை வளவில் வைத்துவிட்டு, அந்தப் புள்ளிக்கு மருந்து தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். விட்டுவிடுங்கள், அது சுகமாகத்தான் இருக்கிறது.

இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கம் எக்சோறா வைத்திருப்பவர்களில் இதைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். நுனி இலைகள் வெளிறி மஞ்சளாகும். நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக வலை பின்னியது மாதிரித் தெரியும். முற்றினால் இலை முழுவதும் வெள்ளைக்குக் கிட்ட வந்து, ஓரம் கருகும். அடியிலுள்ள பழைய இலைகள் பச்சையாகவே இருக்கும்.

இது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லை என்பதல்ல காரணம்; இருக்கிற இரும்பை வேரால் எடுக்க முடியவில்லை. எக்சோறா புளிப்பு மண்ணை விரும்புகிற செடி. காரகாடித்தன்மை (pH) 5க்கும் 6க்கும் இடையில் இருந்தால் அதற்குச் சந்தோசம். கடற்கரை மணலில் சிப்பி, சோகித் துண்டுகள் கலந்திருக்கும். அத்தனையும் சுண்ணாம்பு. சுண்ணாம்பு உள்ள மண்ணில் இரும்பு கரையாமல் இறுகிக் கிடக்கும்.

உங்கள் மண் எப்படி என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. செடியடியிலிருந்து ஒரு கை மண்ணை எடுத்துக் காயவிட்டு, அதன் மேல் கொஞ்சம் வினாகிரி ஊற்றுங்கள். பொருபொருவென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நுரைக்காவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். கன்னியா, தம்பலகாமம் பக்கம் உள்நாட்டு மண்ணில் பெரும்பாலும் நுரைக்காது. அங்கே இதே மஞ்சள் வந்தால் வேரில் ஏதோ கோளாறு என்று எடுங்கள்: தண்ணீர் தேங்கியிருக்கும், அல்லது வேர் முடிச்சுப் புழு. அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

மண் நல்லதாக இருந்தும் ஒரு வரிசை மட்டும் மஞ்சளாக நின்றால் மதிலைப் பாருங்கள். சீமெந்து மதிலின் ஓரமாக, கட்டட வேலை முடிந்து கிடந்த கல்லையும் சாந்தையும் மூடிவிட்டு அதன் மேலேயே வேலிக் கன்று நடுவது நம் ஊர் வழக்கம். மழைத்தண்ணீர் மதிலில் வழிந்து சுண்ணாம்பைச் செடியடிக்குக் கொண்டு வந்துகொண்டே இருக்கும். மதிலில் இருந்து மூன்றடியாவது தள்ளி நடுவது நல்லது. கிணற்றுத் தண்ணீரையும் கவனியுங்கள். கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கிற தண்ணீர் என்றால், நீங்கள் தினமும் செடிக்குச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றுகிறீர்கள் என்றுதான் பொருள்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி. ஒரு லீற்றர் தண்ணீரில் முதலில் ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, அப்புறம் 3 முதல் 5 கிராம் பெரஸ் சல்பேட் போடுங்கள். ஒரே ஒரு கிளைக்கு மட்டும், வெயில் தணிந்த பிறகு, தெளியுங்கள். இரண்டு வாரத்துக்குள் அந்தக் கிளை பச்சை பிடித்து மற்றவை மஞ்சளாகவே நின்றால் இரும்புதான் பிரச்சினை. மதிலிலும் சீமெந்துத் தரையிலும் பட்டால் துருக்கறை போகாது, பார்த்துத் தெளியுங்கள்.

கிளையெல்லாம் தெளித்தால் இருக்கிற இலை பச்சையாகும். அடுத்த துளிர் திரும்பவும் மஞ்சளாகத்தான் வரும். அதே பெரஸ் சல்பேட்டைச் சுண்ணாம்பு மண்ணில் கொட்டினால் கொஞ்ச நாளில் அதுவும் இறுகிவிடும், காசு வீண். மண்ணுக்கு ஊற்றுவதென்றால் இணைத்த இரும்பு (chelated iron) வாங்குங்கள். அதிலும் பக்கற்றில் ஈ.டி.டி.எச்.ஏ (EDDHA) என்று போட்டிருப்பதுதான் சுண்ணாம்பு மண்ணில் வேலை செய்யும். கரைத்தால் கடுஞ்சிவப்பாக இருக்கும். ஈ.டி.டி.ஏ (EDTA) என்றிருப்பது விலை குறைவு, ஆனால் நம் கரையோர மண்ணில் அது தாக்குப்பிடிக்காது. அளவு பக்கற்றில் உள்ளபடி.

கந்தகத் தூள் போட்டு மண்ணைப் புளிப்பாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். செம்மண்ணுக்கு அது சரி, மாதக்கணக்கில் மெல்ல வேலை செய்யும். சிப்பி மணலில் எவ்வளவு போட்டாலும் சுண்ணாம்பு தீராது. வினாகிரிக்கு நன்றாக நுரைக்கிற வளவாக இருந்தால் என் யோசனை நிலத்தோடு மல்லுக்கட்டாமல் பெரிய பூச்சாடிக்கு மாறுவது: ஒன்றரை அடி வாயுள்ள சாடி, உள்நாட்டுச் செம்மண், நன்றாக மக்கிய கூட்டெரு, கழுவிய தும்புத்தூள். தண்ணீருக்கு, கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர் கிடைக்கும் மட்டும் அதையே ஊற்றுங்கள். ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை நமக்கு மழை கொட்டுகிறது. ஒரு பீப்பா வைத்தால் நிரம்பிவிடும்.

இன்னொன்று. முட்டைக்கோதும் அடுப்புச் சாம்பலும் செடிக்கு நல்லது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஊறிப்போனது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் இருக்கட்டும். எக்சோறா அடியில் போடாதீர்கள், இரண்டும் மண்ணின் புளிப்பைக் குறைப்பவை.

பழைய இலையில் செம்பழுப்புப் புள்ளிகள்

அடியிலை, நடுவிலைகளில் ஊதாவும் பழுப்பும் கலந்த புள்ளிகள். நுனித் துளிர் சுத்தமாக இருக்கும். பார்த்தவுடன் இலைப்புள்ளி நோய் என்றுதான் யாரும் சொல்வார்கள். மருந்தும் அடிப்பார்கள், புள்ளியும் நிற்கும்.

எக்சோறாவில் இது பெரும்பாலும் பொட்டாசியக் குறை. புள்ளிகளுக்கு ஓரம் தெளிவாக இருந்தால் பொட்டாசியம் மட்டும். ஓரம் மங்கிக் கலங்கலாக, பழுப்பூதா நிறத்தில் படர்ந்தால் பொசுபரசும் சேர்ந்து குறைகிறது என்று எடுக்கலாம். பூஞ்சணப் புள்ளி இப்படி ஒழுங்காகப் பழைய இலையை மட்டும் தேடிப் போகாது. ஈரம் தங்கும் இடத்தில், இளசு முற்றல் பார்க்காமல் வரும். நம் மணலில் மாரி மழை பொட்டாசியத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால்தான் தையும் மாசியும் வரும்போது இந்தப் புள்ளிகள் கூடித் தெரிகின்றன.

வயலுக்குப் போடும் எம்.ஓ.பி. (பொட்டாசியம் குளோரைட் பசளை) வீட்டில் இருந்தால் அதை அள்ளிப் போட்டுவிடத் தோன்றும். அதில் குளோரைட் இருக்கிறது. ஏற்கெனவே உப்புக்காற்றில் நிற்கிற செடிக்கு அது வேண்டாம். பொட்டாசியம் சல்பேட் கேட்டு வாங்குங்கள். மெல்லக் கரையும் கலப்புப் பசளை கிடைத்தால் இன்னும் நல்லது. எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாகப் போட வேண்டும். மணல் எதையும் பிடித்து வைக்காது. புள்ளி விழுந்த இலை திரும்பப் பச்சையாகாது. அடுத்து முற்றுகிற இலைகளில் புள்ளி வருகிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் பலனைச் சொல்ல முடியும். அதற்குச் சில மாதம் பிடிக்கும்.

பழைய இலையில் புள்ளியே இல்லாமல், ஓரங்கள் மஞ்சளாகி நடுவில் காம்புப் பக்கம் மட்டும் பச்சை நின்றால் அது மக்னீசியம். எப்சம் உப்பு, லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி, தெளித்துவிடுங்கள். எப்போதாவது ஓரிரண்டு அடியிலை மஞ்சளாகி விழுவது வயசு. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

இலை நுனியும் ஓரமும் கருகுகிறது

இங்கேதான் பக்கமும் காலமும் பார்க்க வேண்டும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று கடலில் இருந்து கரைக்கு அடிக்கிறது. நிலாவெளி, உப்புவெளிக் கரையில் கடல் கிழக்கே. அந்தக் காலத்தில் செடியின் கடலைப் பார்த்த முகம் மட்டும் கருகினால் அது உப்புத் தெறிப்பு. எக்சோறாவுக்கு உப்பைத் தாங்கும் சக்தி குறைவு. கடற்கரை வளவில் அழகுக்கு முன்வரிசையில் நட்டால் வருடம் தோறும் இதைப் பார்க்கத்தான் வேண்டும். வீட்டின் மறுபக்கம் நடலாம், அல்லது முன்னால் உப்புக்கு அசையாத ஒரு வேலியைப் போட்டுக்கொண்டு பின்னால் இதை நடலாம். பலமாகக் காற்றடித்த மறுநாள் காலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிட்டால் சேதம் குறையும்.

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான். தரையில் இருந்து வரும், சுடும், ஈரம் கிடையாது. அப்போது மேற்கு, தென்மேற்கு முகம் கருகும்; மொட்டுகளும் விரியாமல் காய்ந்து கொட்டும். இங்கே குறை தண்ணீர். மேலோட்டமாகத் தினமும் நனைப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை வேர் ஆழத்துக்கு இறங்கும்படி ஊற்றி, அடியில் காய்ந்த இலையோ தும்போ இரண்டு அங்குலம் பரப்புவது பலன் தரும். தும்பைத் தண்டோடு ஒட்டவிடாதீர்கள். கச்சான் காலத்தில் புதுக் கன்று நடுவது வீண் வேலை. மாரி தொடங்கும் ஒக்டோபரில் நடுங்கள்.

எல்லாப் பக்கமும், எந்தக் காலமும் நுனி கருகினால் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். வறட்சியில் கரையோரக் கிணறுகள் உவர்க்கும். பூச்சாடியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு ஏறியிருந்தால் உப்புச் சேர்ந்துவிட்டது; அல்லது பசளை கூடிவிட்டது. சாடியைத் தூக்கி மழையில் வைத்து, அடித்துளையால் தண்ணீர் நன்றாக ஓடும்வரை விடுங்கள்.

இலை செழிப்பு, பூ இல்லை

கத்தரிக்கோலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எக்சோறா கிளை நுனியில் பூக்கிற செடி. மாதம் ஒரு முறை வேலியைச் சதுரமாக வெட்டினால், மொட்டு வைக்கப் போகிற நுனிகளையே வெட்டி எறிகிறீர்கள். வேலி நேராக இருக்கும், பூ இருக்காது. இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியதுதான். பூ வேண்டும் என்றால், ஒரு பூப்பு முடிந்தவுடன் ஒரு தடவை லேசாக வெட்டி, அப்புறம் கையை வைக்காமல் விடுங்கள்.

பூசைக்குப் பறிப்பது கெடுதல் இல்லை. கொத்தை மட்டும் கிள்ளாமல், அதன் கீழுள்ள ஒரு சோடி இலையோடு சேர்த்து வெட்டினால் அந்த இடத்தில் இரண்டு கிளை பிரியும். வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் பூ போகிற வீடுகளில் செடி அடர்த்தியாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெட்டும் பிழையில்லை என்றால் வெயில். மாமர நிழலில் பச்சையாக வளரும், பூக்காது; நாளுக்கு ஐந்தாறு மணிநேர நேர்வெயில் வேண்டும். அதுவும் இருக்கிறதென்றால் யூரியா. பக்கத்தில் புல்லுக்குப் போட்டது இதற்கும் போகும், இலையாகத் தள்ளும்.

இலையில் கரிப்படலம்

விரலால் தேய்த்தால் கறுப்பு கையில் வரும். அது பூஞ்சணம்தான், ஆனால் செடியைத் தின்பது அல்ல. பூச்சி விடும் இனிப்புக் கழிவின் மேல் வளர்வது. இலையைத் திருப்பி, கிளைக்கணுவையும் பாருங்கள்: வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி, அல்லது தண்டோடு ஒட்டிய பழுப்புச் செதில் பூச்சி. எறும்பு ஏறி இறங்கினால் சந்தேகமே வேண்டாம். இனிப்புக்காக எறும்பு அந்தப் பூச்சிகளைக் காவல் காக்கும். ஆகவே எறும்பு ஏறும் வழியை முதலில் அடைக்க வேண்டும். மதிலிலோ பக்கத்து மரத்திலோ தொட்டுக்கொண்டிருக்கும் கிளைகளை வெட்டுங்கள்.

பூச்சி பிடித்த கிளை ஒன்றிரண்டு என்றால் வெட்டி எரித்துவிடலாம். கூட இருந்தால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டி, கலப்பதற்குக் கொஞ்சம் திரவச் சவர்க்காரம். மாலையில், இலையின் அடிப்பக்கமும் நனைய, வாரம் ஒரு தடவையாக மூன்று நான்கு வாரம். செடியின் உடலெங்கும் ஊறும் பூச்சி நஞ்சுகளை எக்சோறாவுக்கு நான் சொல்ல மாட்டேன். பூவில் பிள்ளைகளின் வாய் படுகிறது, தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் வருகின்றன.

இலையோரத்தில் வட்டமாக, அச்சில் வெட்டியது மாதிரி ஓட்டை இருந்தால் அது இலைவெட்டித் தேனீ. கூடு கட்டக் கொண்டு போகிறது. விடுங்கள்.

நன்றாக நின்ற செடி மாரிக்குப் பிறகு வாடுகிறது

மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதுதான் எல்லோரும் செய்வது. ஓரத்தில் தோண்டி ஒரு வேரை எடுங்கள். நல்ல வேர் வெளிறி, உறுதியாக இருக்கும். பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து வந்தால் அழுகல். தம்பலகாமம் போன்ற வயற்புறக் களிமண்ணில் டிசம்பர் மழைக்கு இது சாதாரணம். பாதி வேராவது நல்லதாக இருந்தால் செடியை எடுத்து, அழுகியதை வெட்டி, மேலேயும் மூன்றிலொன்றைக் குறைத்து, ஓரடி உயர்த்திய மேட்டில் திரும்ப நடலாம். தண்டின் அடியே கறுத்திருந்தால் செடி தப்பாது.

வேரில் மணிமணியாக வீக்கங்கள் தெரிந்தால் அது வேர் முடிச்சுப் புழு. மணல் மண் அதற்குப் பிடித்த இடம், எக்சோறா பிடித்த சாப்பாடு. பகல் வெயிலில் வாடி மாலையில் நிமிரும், எவ்வளவு பசளை போட்டாலும் மஞ்சள் மாறாது, செடி நின்ற உயரத்திலேயே நிற்கும். மருந்தால் சுத்தமாக ஒழிக்க முடியாது. கூட்டெரு நிறையப் போட்டால் செடி தாங்கிக்கொண்டு வாழும். மோசமானதைப் பிடுங்கினால் அதே குழியில் இன்னோர் எக்சோறாவையோ, கத்தரி, தக்காளியையோ வைக்க வேண்டாம். செவ்வந்தி போல மணக்கும் அந்த மஞ்சள் மரிகோல்ட் சில மாதம் அங்கே நிற்கட்டும். நர்சரியில் கன்று வாங்கும்போதே சாடியில் இருந்து உருவி வேரைப் பார்க்கக் கேளுங்கள். விற்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

வெட்டி நட்ட தடி வேர்விடவில்லை

பச்சைத் தளிரும் பிடிக்காது, முற்றிய மரமும் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவில், வளைத்தால் வளைந்து பிறகு முறிகிற பதத்தில், ஐந்தாறு அங்குலத் தடி. பூ, மொட்டைக் கிள்ளிவிட்டு, மேலே ஒரு சோடி இலையை மட்டும் பாதியாக வெட்டி வையுங்கள். கடல் மணலில் நடாதீர்கள். கழுவிய ஆற்று மணலும் தும்புத்தூளும் சரிபாதி. பொலித்தீன் பையால் மூடி, நிழலில் வைத்து, இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். இலை பச்சையாக நிற்கிறதே என்று ஒரு மாதத்தில் பிடுங்கிப் பார்ப்பதால்தான் பாதி சாகிறது.

அவசரக்காரர்களுக்குப் பதியம் நல்லது. மாரி தொடங்கும்போது பென்சில் தடிப்புக் கிளையில் ஓர் அங்குல அளவுக்குப் பட்டையைச் சுற்றி உரித்து, ஈரமான தும்புத்தூளை வைத்துப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டுங்கள். பொலித்தீனுக்குள் வெள்ளை வேர் தெரிந்த பிறகு கட்டுக்குக் கீழே வெட்டி, சாடியில் நிழலில் வளர்த்து, அடுத்த மாரிக்கு நிலத்தில் இறக்கலாம். வேலிக்கு என்றால் கன்றுக்குக் கன்று இரண்டடி.